திருத்தகத்தில் வேலை செய்வோர் கவனத்துக்கு: தொழிலும் வேண்டும், உயிரும் வேண்டும்

நீண்ட காலத்தின் பின் சொந்த ஊருக்குத் திரும்பியிருக்கிறீர்கள். காணியைத் துப்புரவு செய்து, கிணற்றை இறைத்து, தலைக்கு மேல் ஒரு கூரையைப் போட்டு முடிந்ததும் அடுத்து எழும் கேள்வி வருமானம் பற்றியதுதான். வயல் விதைக்கவும் கடலுக்குப் போகவும் தொடங்கும் ஊரில் உழவு இயந்திரம், லான்ட்மாஸ்டர், நீர் இறைக்கும் இயந்திரம், படகு இயந்திரம், மோட்டார் சைக்கிள் எல்லாம் மீண்டும் ஓடத் தொடங்குகின்றன. ஓடும் இயந்திரம் பழுதாகும். பழுதானால் திருத்த ஆள் வேண்டும். இதனால் மீள்குடியேற்றக் கிராமங்களில் சந்திகள்தோறும் சிறிய திருத்தகங்கள் உருவாகின்றன. சிலர் வீட்டு முற்றத்து மரநிழலிலேயே தொழிலைத் தொடங்குகிறார்கள். சிலர் மகனைத் தொழில் பழக அனுப்புகிறார்கள்.

இது நல்ல தொழில். கைத்தொழில் தெரிந்தவர் எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வார். ஆனால் குடும்பத்தின் முழு வருமானமும் அவருடைய இரண்டு கைகளிலும் இரண்டு கண்களிலும் தங்கியிருக்கிறது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஒரு விரல் போனாலும், ஒரு கண்ணில் இரும்புத் துகள் ஏறினாலும், அடுத்த நாள் அடுப்பு எரிவது கேள்விக்குறியாகிவிடும்.

எங்கள் பிரதேசத் திருத்தகங்களில் இரண்டு வகையான ஆபத்துகள் உள்ளன. ஒன்று, எந்த நாட்டுத் திருத்தகத்திலும் உள்ள பொதுவான ஆபத்துகள். மற்றையது, யுத்தம் விட்டுச் சென்ற ஆபத்து. இரண்டையும் இக்கட்டுரை விளக்குகிறது. வீட்டில் உள்ள அனைவரும் சேர்ந்து வாசியுங்கள். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

பழைய இரும்போடு வரும் ஆபத்து

பழைய இரும்பு வாங்கும் வியாபாரி ஒருவர் ஒரு சாக்கை உங்கள் திருத்தகத்துக்குக் கொண்டுவந்து கொட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பற்சில்லுகள், உடைந்த குழாய்கள், கம்பிகளுக்கு நடுவே ஒரு பக்கம் மூடிய கனமான இரும்புக் குழாய் ஒன்று கிடக்கிறது. துருப்பிடித்திருக்கிறது. புஷ் அடிப்பதற்கு நல்ல துண்டு என்று உங்களுக்குத் தோன்றலாம். அந்த நேரத்தில்தான் நீங்கள் நிதானிக்க வேண்டும்.

எறிகணைகள், மோட்டார் குண்டுகள், கைக்குண்டுகள், அவற்றின் வெடிப்பிகள் ஆகியன பல வருடங்கள் மண்ணுக்குள் கிடந்தாலும் வெடிக்கும் தன்மையை இழப்பதில்லை. துருப்பிடித்தால் "செத்துவிட்டது" என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. வெளிப்பக்கத்து இரும்புதான் துருப்பிடிக்கிறது. உள்ளே இருக்கும் மருந்து அப்படியே இருக்கிறது. சில வேளைகளில் பாதுகாப்புப் பொறிமுறை உக்கிப்போவதால் அது முன்னரைவிட இலகுவாக வெடிக்கக்கூடியதாகவும் மாறியிருக்கும். ஒரு சுத்தியல் அடி, கிரைண்டரின் சூடு, வெல்டிங் நெருப்பு, நிலத்தில் விழும் அதிர்ச்சி ஆகியவற்றில் ஏதாவது ஒன்றே போதும்.

செம்பு, பித்தளை, அலுமினியம் ஆகியவற்றுக்கு நல்ல விலை கிடைப்பதால் வெடிபொருட்களை உடைத்துப் பிரிக்கச் சிலர் முயல்கிறார்கள். அந்த வேலையை ஒருபோதும் ஏற்காதீர்கள். எவ்வளவு பணம் தந்தாலும் ஏற்காதீர்கள்.

திருத்தகத்தில் பின்வருவனவற்றைக் கடைப்பிடியுங்கள்:

• என்னவென்று உங்களுக்குத் தெரியாத இரும்புப் பொருளை அடிக்கவோ, வெட்டவோ, சூடாக்கவோ வேண்டாம்.
• வால் போன்ற இறகுகள் உள்ளவை, கூம்பு வடிவத் தலை உள்ளவை, இரு பக்கமும் மூடியுள்ளவை, பருமனுக்கு மிஞ்சிய கனம் உள்ளவை ஆகியவற்றைச் சந்தேகத்துக்குரியவையாகக் கொள்ளுங்கள்.
• எறிகணைக் கோதுகளைப் பட்டடையாகவோ, முட்டுக்கட்டையாகவோ, பூச்சாடியாகவோ பாவிக்க வேண்டாம். அடிப்பகுதியில் இருக்கும் சிறிய எரியூட்டி வெடிக்காமல் எஞ்சியிருக்கலாம்.
• பற்றைக்குள் கைவிடப்பட்டிருக்கும் வாகனங்களில் உதிரிப்பாகம் கழற்றச் செல்ல வேண்டாம். வாகனத்தினுள்ளும் அதைச் சுற்றிய நிலத்திலும் வெடிபொருட்கள் இருக்கலாம். மண்டையோட்டுப் படம் உள்ள சிவப்பு அறிவிப்புப் பலகையைக் கண்டால் அதைத் தாண்ட வேண்டாம்.
• காணியில் மீட்ட பழைய வாகனமொன்று திருத்த வந்தால், அது எங்கே கிடந்தது, அந்த இடம் மிதிவெடி அகற்றப்பட்ட இடமா என்று முதலில் கேளுங்கள். ஆசனங்களின் கீழும் கருவிப் பெட்டியினுள்ளும் கையை விடுவதற்கு முன் கண்ணால் பாருங்கள்.

சந்தேகத்துக்குரிய பொருளைக் கண்டுவிட்டால் செய்ய வேண்டியது இதுதான். கைவேலையை உடனே நிறுத்துங்கள். அதைத் தொடவோ, வேறிடத்துக்கு மாற்றவோ, தண்ணீருக்குள் போடவோ வேண்டாம். அருகில் இருப்பவர்களை எச்சரித்து, எல்லோரும் வந்த வழியாலேயே விலகிச் செல்லுங்கள். பிள்ளைகளும் ஆடுமாடுகளும் அப்பக்கம் போகாதபடி தூரத்தில் ஏதாவது அடையாளம் இடுங்கள். பின்னர் கிராம அலுவலருக்கோ, பொலிசாருக்கோ, உங்கள் பகுதியில் வேலை செய்யும் மிதிவெடி அகற்றும் குழுவுக்கோ அறிவியுங்கள். பொலிஸ் அவசர இலக்கம் 119. அறிவிப்பதால் பிரச்சினை வரும் என்று பயந்து இரவோடிரவாகக் கிணற்றிலோ குளத்திலோ கொண்டுபோய்ப் போடுபவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் நாளைக்கு அந்தக் கிணற்றைத் துப்புரவு செய்பவர் ஆபத்துக்குள்ளாவார்.

வெறும் பரல் உண்மையில் வெறுமையானதல்ல

பெற்றோல் திரவமாக இருக்கும்போது எரிவதில்லை. அதிலிருந்து எழும் ஆவிதான் எரிகிறது. அந்த ஆவி கண்ணுக்குத் தெரியாது. அது காற்றைவிடப் பாரமானது என்பதால் மேலே போகாமல் நிலத்தோடு படர்ந்து, குழிகளிலும் மூலைகளிலும் தங்கும். பத்துப் பதினைந்து அடி தூரத்தில் இருக்கும் அடுப்போ, பீடி நெருப்போ, மின் ஆளியின் பொறியோ அதைப் பற்றவைக்கப் போதுமானது. நெருப்பு வந்த வழியாலேயே திரும்பி உங்கள் கையில் இருக்கும் கலனுக்கு வந்து சேரும்.

இதனால்தான் நிறைந்த எண்ணெய்ப் பரலைவிட வெறும் பரல் ஆபத்தானது. நிறைந்த பரலுக்குள் காற்றுக்கு இடமில்லை. வெறும் பரலுக்குள் ஆவியும் காற்றும் கலந்திருக்கும். தண்ணீர்த் தொட்டி செய்யவோ, படலை செய்யவோ 200 லீற்றர் பரலைக் காஸ் நெருப்பாலோ கிரைண்டராலோ வெட்டும்போது அந்தக் கலவை ஒரேயடியாக வெடிக்கும். பரலின் மூடி வெட்டுபவரின் முகத்துக்கு வரும். டீசல் பரலோ பழைய எஞ்சின் எண்ணெய்ப் பரலோ என்றாலும் வித்தியாசமில்லை. ஓரத்தில் ஒட்டியிருக்கும் எண்ணெய் சூட்டில் ஆவியாகிவிடும். மோட்டார் சைக்கிள் பெற்றோல் தாங்கியில் ஓட்டை அடைக்கும்போதும் இதுவே நடக்கிறது.

எரிபொருள் இருந்த கலனில் சூட்டு வேலை செய்வதைத் தவிர்ப்பதே சிறந்தது. தாங்கியில் சிறிய ஓட்டை என்றால், சூடில்லாமல் ஒட்டும் பசையால் அடையுங்கள் அல்லது தாங்கியை மாற்றுங்கள். செய்தே ஆக வேண்டிய வேலை என்றால், அனுபவமுள்ள வெல்டிங் தொழிலாளியிடம் கொடுங்கள். அவர் கலனைச் சவர்க்கார நீரால் பல தடவை கழுவி, மூடிகளைத் திறந்துவிட்டு, வேலை செய்யும் இடத்தை மட்டும் விட்டு மிகுதியைத் தண்ணீரால் நிரப்பிய பின்னரே நெருப்பைக் கிட்டக் கொண்டுபோவார்.

மேலும் சில முக்கிய விடயங்கள்:

• உதிரிப்பாகங்களைப் பெற்றோலால் கழுவ வேண்டாம். மண்ணெண்ணெய் அல்லது டீசல் பாவியுங்கள். அதையும் திறந்த வெளியில், நெருப்புக்கு அப்பால் செய்யுங்கள்.
• குழாய் வைத்து வாயால் எரிபொருளை உறிஞ்ச வேண்டாம். ஒரு மிடறு நுரையீரலுக்குள் போனாலே கடுமையான நியூமோனியா உண்டாகலாம். கையால் அமுக்கும் சிறிய பம்பு மலிவானது.
• பெற்றோலையும் மண்ணெண்ணெயையும் சோடாப் போத்தலில் வைக்க வேண்டாம். தாகத்தில் ஓடிவரும் பிள்ளைக்கு அது சோடாவாகத்தான் தெரியும்.
• எண்ணெய் தோய்ந்த துணிகளைக் குவித்து வைக்காமல் மூடியுள்ள தகரப் பெட்டியில் போடுங்கள்.
• இரண்டு வாளி உலர்ந்த மணல் எப்போதும் கைக்கெட்டிய தூரத்தில் இருக்கட்டும். எண்ணெய் நெருப்புக்குத் தண்ணீர் ஊற்றினால் எண்ணெய் மிதந்து நெருப்பு பரவும். மணலால் மூடுங்கள்.

நீர் இறைக்கும் இயந்திரமும் கிணறும்

இயந்திரம் திருத்துபவரைக் கிணற்றடிக்கு அழைப்பது எங்கள் ஊர்களில் வழமை. "தண்ணீர் இழுக்குதில்லை, வந்து பாருங்கோ" என்பார்கள். பெரும்பாலும் இயந்திரத்தில் பிழை இருக்காது. எவ்வளவு வலுவான பம்பு என்றாலும், மேலே வைத்து உறிஞ்சும்போது ஏறத்தாழ 20 முதல் 25 அடி ஆழத்துக்குக் கீழே இருந்து தண்ணீரை மேலே கொண்டுவர முடியாது. கோடையில் நீர்மட்டம் அதற்குக் கீழே போனதும், இயந்திரத்தைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் ஒரு தட்டில் இறக்கிவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள்.

அந்த யோசனை பலரைக் கொன்றிருக்கிறது. ஓடும் இயந்திரத்தின் புகையில் காபன் மொனொக்சைட்டு என்ற வாயு இருக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. கிணற்றுக்குள் காற்றோட்டம் இல்லாததால் சில நிமிடங்களில் அது நிறைந்துவிடும். எரிபொருள் ஊற்றவோ இயந்திரத்தை நிறுத்தவோ இறங்குபவர் முதலில் தலைவலி, தலைச்சுற்று உணர்வார். ஏறி வரக் கால்களில் பலம் இருக்காது. அவரைக் காப்பாற்ற இறங்கும் சகோதரனும் அயலவரும் அவ்வாறே விழுவார்கள். விளக்கை இறக்கிப் பார்ப்பதையும் நம்ப வேண்டாம். ஒட்சிசன் இல்லாவிட்டால்தான் விளக்கு அணையும். இந்த வாயு இருக்கும்போதும் அது எரிந்துகொண்டிருக்கலாம்.

ஆகவே எரிபொருளில் ஓடும் எந்த இயந்திரத்தையும் கிணற்றுக்குள் இறக்கச் சம்மதிக்காதீர்கள். ஆழமான கிணற்றுக்கு, நீரில் மூழ்கும் மின் பம்பே பொருத்தமானது. ஏற்கெனவே இறக்கப்பட்டு ஓடிய இயந்திரத்தை எடுக்க உள்ளே இறங்க வேண்டாம். கயிற்றால் மேலே இழுங்கள். ஒருவர் உள்ளே மயங்கி விழுந்திருந்தால், கயிறு கட்டாமல், துணையில்லாமல் பின்னால் குதிக்காதீர்கள். உடனே 1990 அம்புலன்ஸ் சேவையையும் 119 ஐயும் அழையுங்கள்.

கதவு யன்னல் பூட்டிய கொட்டகைக்குள் வாகனத்தையோ ஜெனரேற்றரையோ ஓடவிடுவதிலும் இதே ஆபத்து உண்டு. மழை பெய்கிறது என்று ஜெனரேற்றரை அறைக்குள் எடுத்து வைக்காதீர்கள்.

தூக்கிய வாகனத்தின் கீழ்

ஜக் என்பது வாகனத்தைத் தூக்குவதற்கு மட்டுமே, தாங்குவதற்கு அல்ல. எண்ணெய் ஜக்கின் உள்ளே இருக்கும் ஒரு சிறிய ரப்பர் வளையம் கசிந்தால் போதும், சத்தமே இல்லாமல் வாகனம் கீழே இறங்கிவிடும்.

தூக்கிய பின் உறுதியான இரும்புத் தாங்கிகளை வையுங்கள். அவை இல்லாவிட்டால் முதிரை, பாலை போன்ற வைரமான மரக்குற்றிகளை அகலமாகக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்குங்கள். சீமெந்துக் கல்லையோ செங்கல்லையோ வைக்க வேண்டாம். மரம் முறியும் முன் நெரியும், சத்தம் போடும். கல் முன்னறிவிப்பின்றி நொருங்கிவிடும். மணல் நிலம் என்றால் ஜக்கின் கீழ் தடித்த பலகை வையுங்கள். தூக்காத சில்லுகளுக்கு இரு பக்கமும் கட்டை கொடுங்கள். கீழே புகுவதற்கு முன் வாகனத்தை ஒருமுறை கையால் தள்ளிப் பாருங்கள். அது அசைந்தால் நீங்கள் புகக்கூடாது.

டிப்பரின் பெட்டியையோ உழவு இயந்திரத்தின் கலப்பையையோ உயர்த்தி வைத்துக்கொண்டு கீழே வேலை செய்வதும் இதைப் போன்றதே. எண்ணெய்க் குழாய் ஒன்று வெடித்தால் முழுப் பாரமும் ஒரு கணத்தில் விழும். முட்டுக் கொடுக்காமல் தலையை நீட்டாதீர்கள்.

ரயர், காற்று, கம்பிறசர்

லொறி ரயர் ஒன்றினுள் சதுர அங்குலத்துக்கு 100 இறாத்தல் அளவில் அழுத்தம் இருக்கும். பூட்டு வளையம் உள்ள பழைய லொறிச் சில்லுகளில் வளையம் சரியாக அமராவிட்டால், காற்றடிக்கும்போது அது வெடிகுண்டுபோலப் பாய்ந்து வரும். ஆகவே:

• வளையம் துருப்பிடித்தோ வளைந்தோ இருந்தால் பாவிக்க வேண்டாம்.
• சில்லைக் கழற்றும் முன் காற்றை முழுவதுமாக வெளியேற்றுங்கள்.
• நீளமான குழாயால் காற்றடியுங்கள். சில்லுக்கு நேரே நிற்காமல், ரயர் மண்ணைத் தொடும் பக்கத்துக்கு நேராக விலகி நில்லுங்கள். சில்லை இரும்புக் கூட்டுக்குள் வைப்பது இன்னும் நல்லது.
• ரயர் பூட்டியிருக்கும்போது றிம்மில் வெல்டிங் செய்ய வேண்டாம். காற்றை இறக்கிவிட்டாலும் வேண்டாம். சூட்டில் ரப்பர் எரிவாயுக்களை வெளியிடும். அவை ரயருக்குள் அடைபட்டு வெடிக்கும்.

கம்பிறசர் தாங்கியின் அடியில் தேங்கும் தண்ணீரை நாள்தோறும் திறந்துவிடுங்கள். இல்லாவிட்டால் உள்ளிருந்தே துருப்பிடித்து மெலியும். அழுத்தம் கூடினால் திறக்கும் பாதுகாப்பு வால்வை ஆணி அடித்தோ கம்பி கட்டியோ மூடிவிடாதீர்கள். பழைய சமையல் எரிவாயு சிலிண்டரைக் கம்பிறசர் தாங்கியாக மாற்ற வேண்டாம். உடுப்பில் உள்ள தூசியைத் தட்டக் காற்றுக் குழாயை உடம்புக்கு நேரே பிடிக்கவும் வேண்டாம்.

பற்றரி

பற்றரி சார்ச் ஆகும்போது ஐதரசன் வாயு வெளிவரும். ஒரு பொறியே அதை வெடிக்கச் செய்யும். காற்றோட்டமுள்ள இடத்தில் சார்ச் செய்யுங்கள். வயர்களை மாட்டவும் கழற்றவும் முன் சார்ஜரின் மின்னை நிறுத்துங்கள். பற்றரிக்குள் அமிலம் எவ்வளவு இருக்கிறது என்று தீக்குச்சி கொளுத்திப் பார்க்காதீர்கள்.

கழற்றும்போது முதலில் பொடியில் தொடுக்கப்பட்ட வயரை, அதாவது பெரும்பாலான வாகனங்களில் மறை முனையை, கழற்றுங்கள். பூட்டும்போது அதைக் கடைசியாகப் பூட்டுங்கள். மாறிச் செய்தால் ஸ்பனர் வாகனப் பொடியில் பட்டவுடன் முழு மின்னும் அதனூடாகப் பாயும். விரலில் மோதிரம் இருந்தால் அது அந்த இடத்திலேயே பழுக்கக் காயும்.

அமிலம் கலக்கும்போது தண்ணீருக்குள்தான் அமிலத்தை மெதுவாக ஊற்ற வேண்டும். அமிலத்துக்குள் தண்ணீரை ஊற்றினால் கொதித்து முகத்துக்குச் சீறும்.

பழைய பற்றரியை உடைத்து ஈயம் எடுத்து, வலைக்கு ஈயக்குண்டு வார்ப்பது கரையோரக் கிராமங்களில் நடக்கிறது. ஈயப் புகையும் தூசியும் உடலில் சேர்ந்தால் பிள்ளைகளின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படும். வீட்டு அடுப்பில், பிள்ளைகள் விளையாடும் முற்றத்தில் இதைச் செய்யவே வேண்டாம். பழைய பற்றரியை உடைக்காமல் அப்படியே விற்றுவிடுங்கள்.

கிரைண்டர், வெல்டிங், மின்சாரம்

கைக் கிரைண்டரின் தட்டு நிமிடத்துக்கு 10,000 தடவைக்கு மேல் சுழலும். அது உடைந்தால் துண்டுகள் தோட்டாப்போல் பறக்கும். பாதுகாப்பு மூடியைக் கழற்ற வேண்டாம். சிறிய கிரைண்டருக்குப் பெரிய தட்டுப் போட வேண்டாம். வெட்டும் தட்டின் பக்கவாட்டால் தேய்க்க வேண்டாம். வெடித்த தட்டையும் நனைந்த தட்டையும் வீசிவிடுங்கள். கண்ணாடி போடாமல் ஒரு நிமிட வேலையும் வேண்டாம். கண்ணில் இரும்பு ஏறிய பலர் சொல்வது ஒன்றுதான்: "சின்ன வேலைதானே என்று நினைச்சன்."

வெல்டிங் வெளிச்சத்தைச் சாதாரண வெயில் கண்ணாடி தடுக்காது. அதற்குரிய கறுப்புக் கண்ணாடி பொருத்திய முகக்கவசம் வேண்டும். பார்த்துக்கொண்டு நிற்கும் பிள்ளைகளின் கண்ணும் பாதிக்கப்படும். இரவில் மணல் போட்டதுபோல் உறுத்தும். ஒரு தகரத்தையோ தடித்த துணியையோ மறைப்பாக வையுங்கள்.

காஸ் சிலிண்டர்களை நிமிர்த்திச் சங்கிலியால் கட்டி வையுங்கள். ஒட்சிசன் சிலிண்டரின் வால்விலும் அளவுமானியிலும் எண்ணெயோ கிறீசோ படக்கூடாது. அழுத்தமான ஒட்சிசன் பட்டால் எண்ணெய் தானாகவே தீப்பற்றும். எண்ணெய்க் கையோடு அதைத் திறக்காதீர்கள்.

எங்கள் வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ற். தற்காலிகமாக இழுத்த வயரில் ஈரமண்ணில் நின்று கிரைண்டர் பிடிப்பது ஆபத்தான வேலை. புவித்தொடுப்பும், 30 மில்லி அம்பியரில் விழும் ட்றிப் சுவிச்சும் இருக்கின்றனவா என்று தகைமையுள்ள மின் தொழிலாளி ஒருவரைக் கொண்டு பாருங்கள். ட்றிப் சுவிச் அடிக்கடி விழுந்தால் அதைத் தவிர்த்து நேராகத் தொடுக்காதீர்கள். எங்கே கசிகிறது என்று தேடுங்கள்.

உடையும் கையும்

சாரத்தோடும் ரப்பர்ச் செருப்போடும் வேலை செய்வது எங்கள் வழக்கம். ஆனால் லான்ட்மாஸ்டரின் பட்டிக்குச் சாரத்தின் ஒரு முனை போதும். இயந்திரம் ஓடும் இடத்தில் இறுக்கமான காற்சட்டையும் மூடிய சப்பாத்தும் அணியுங்கள். சால்வை, சங்கிலி, மோதிரம், கைச்செயின் ஆகியவற்றைக் கழற்றி வையுங்கள். வேலை செய்யும் பெண்கள் கூந்தலை முடிந்து மூடிக் கட்டுங்கள். பட்டி மூடியைக் கழற்றினால், வேலை முடிந்ததும் மீண்டும் பூட்டிய பின்னரே இயந்திரத்தைக் கையளியுங்கள். அதை ஓட்டப்போகிறவர் உங்கள் அயலவர்.

கைபிடி சுற்றி இயந்திரத்தை இயக்கும்போது கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வையுங்கள். கைபிடி திருப்பி அடித்தால் கை விடுபடும். கட்டைவிரல் எதிர்ப்பக்கம் இருந்தால் முறியும். சூடான றேடியேற்றரின் மூடியைத் திறக்க அவசரப்படாதீர்கள், ஆற விடுங்கள்.

பிறேக் தூசியைக் காற்றால் ஊதாதீர்கள். பழைய பிறேக் லைனிங்குகள் பலவற்றில் அஸ்பெஸ்ரஸ் உள்ளது. அதன் நார் நுரையீரலில் தங்கிப் பல வருடங்களின் பின் நோயாக வெளிப்படும். ஈரத்துணியால் துடையுங்கள். சாப்பிடும் முன் கையைச் சவர்க்காரத்தால் கழுவுங்கள். பெற்றோலால் கழுவ வேண்டாம்.

வீட்டோடு சேர்ந்த திருத்தகம்

முற்றத்தில் திருத்தகம் நடத்தும் குடும்பங்கள் வேலை செய்யும் இடத்துக்கும் பிள்ளைகள் விளையாடும் இடத்துக்கும் நடுவே ஒரு வேலி போடுங்கள். கிடுகு வேலியே போதும். சமையல் அடுப்பு எரிபொருள் வைக்கும் இடத்தை விட்டு விலகி இருக்கட்டும்.

கழிவு எண்ணெயை நிலத்தில் ஊற்றாதீர்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் நிலத்தில் மேலே ஊற்றுவது இலகுவாக நிலத்தடி நீரைச் சென்றடையும். சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் கழிவு எண்ணெய் கலந்ததால் மக்கள் பட்ட கஷ்டம் எல்லோரும் அறிந்தது. கழிவு எண்ணெயைக் கானில் சேர்த்து, வாங்குபவர்களுக்குக் கொடுங்கள். பழைய ரயர்களில் மழைநீர் தேங்கினால் டெங்கு நுளம்பு பெருகும். கூரையின் கீழ் வையுங்கள், அல்லது ஓட்டை போட்டு நீரை வடியவிடுங்கள்.

விபத்து நடந்தால்

• தீக்காயம்: உடனே 20 நிமிடம் ஓடும் சுத்தமான நீரில் பிடியுங்கள். பற்பசை, மை, எண்ணெய் எதுவும் பூச வேண்டாம். ஒட்டிய துணியைப் பிய்க்க வேண்டாம்.
• கண்ணில் அமிலம்: இமையைத் திறந்து குறைந்தது 20 நிமிடம் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டே வைத்தியசாலைக்குச் செல்ல ஆயத்தம் செய்யுங்கள்.
• கண்ணில் இரும்பு குத்தியிருந்தால்: தேய்க்கவோ எடுக்க முயலவோ வேண்டாம். அழுத்தாமல் மூடி, வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.
• பெற்றோல், மண்ணெண்ணெய் குடித்தால்: வாந்தியெடுக்க வைக்க வேண்டாம். வாந்தியெடுக்கும்போது அது நுரையீரலுக்குள் போகும். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.
• வெட்டுக்காயம்: சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். விரல் துண்டானால், துண்டைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றிப் பொலித்தீன் பையில் போட்டு, அந்தப் பையைப் பனிக்கட்டி நீரில் வைத்துக் கொண்டுபோங்கள்.
• மின்சாரம் தாக்கினால்: முதலில் மின்னை நிறுத்துங்கள். முடியாவிட்டால் உலர்ந்த தடியால் விலக்குங்கள். வெறுங்கையால் தொட வேண்டாம்.

துருப்பிடித்த இரும்பு குத்தினால் சிறிய காயமென்றாலும் ஏற்பு ஊசி பற்றி வைத்தியரிடம் கேளுங்கள். 1990 அம்புலன்ஸ் சேவை இலவசம். அந்த இலக்கத்தைத் திருத்தகச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள்.

வேலைக்குச் செல்பவரின் உரிமை

திருத்தகத்தில் சம்பளத்துக்கு வேலை செய்பவர் வேலையின்போது காயமடைந்தால், 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் நட்டஈடு கோர அவருக்கு உரிமை உண்டு. விபத்து நடந்த திகதி, நேரம், பார்த்தவர்களின் பெயர்களை எழுதி வையுங்கள். வைத்தியசாலையில் தரும் துண்டுகளைக் கவனமாக வைத்திருங்கள். விபரங்களை உங்கள் மாவட்டத்தின் தொழில் திணைக்கள அலுவலகத்தில் கேட்கலாம்.

16 வயதுக்குக் குறைந்த பிள்ளையை வேலைக்கு அமர்த்துவது சட்டப்படி குற்றம். 18 வயதுக்குக் குறைந்தவரை ஆபத்தான வேலைகளில் ஈடுபடுத்துவதும் தடை. "தொழில் பழகட்டும்" என்று பாடசாலையை நிறுத்தி அனுப்ப வேண்டாம். பாடசாலைக் கல்வி முடிந்த பின், தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்களில் முறையாகப் பழகித் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் பெறலாம். அனுபவத்தால் மட்டும் தொழில் கற்றவர்களும் தங்கள் திறமையைப் பரீட்சித்து இச்சான்றிதழைப் பெற வழியுண்டு. இடம்பெயர்வில் பத்திரங்களைத் தொலைத்தவர்களுக்கு இது பெரிதும் உதவும்.

காலையில் திறக்கும்போது பாருங்கள்

• மணல் வாளியும் சுத்தமான தண்ணீரும் இருக்கின்றனவா?
• கண்ணாடி, சப்பாத்து கைவசம் உண்டா?
• வயர்கள் உரிந்திருக்கின்றனவா?
• எரிபொருள் கலன்கள் மூடி, பெயர் எழுதி, பிள்ளைகளுக்கு எட்டாமல் இருக்கின்றனவா?
• நேற்று வந்த பழைய இரும்பில் தெரியாத பொருள் ஏதும் உண்டா?

இவற்றைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். வாடிக்கையாளர் அவசரப்படுத்தினால் அந்த ஐந்து நிமிடம் காத்திருக்கச் சொல்லுங்கள். எத்தனையோ இழப்புகளைத் தாண்டி உயிரோடு ஊர் திரும்பியிருக்கிறீர்கள். மாலையில் திருத்தகத்தைப் பூட்டிவிட்டு முழு உடலோடு வீடு திரும்ப வேண்டும் என்பதே உங்கள் குடும்பத்தின் எதிர்பார்ப்பு.